சொல்லச் சொல்ல எழுதிய கதை

எட்டாம் வகுப்போடு தறிக்கு வந்துவிட்டேன். கதை எழுத ஆசை. ஆனால் வரிக்கு வரி எழுத்துப்பிழை வருகிறது. என்னால் முடியுமா?
— வாசகி, தாமல்

தாராளமாக முடியும், சகோதரி. வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடமே போகாதவர். சின்னஞ்சிறு வயதிலேயே கல்யாணம். அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதியதுதான் ‘இந்திரமோகனா’ நாடகம். 1924இல் அச்சானது. அடுத்த வருடமே ‘ஜகன்மோகினி’ இதழின் ஆசிரியர்! பிறகு 115 நாவல்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோதும் எழுத்தை நிறுத்தவில்லை. எவ்வளவு பெரிய மனுஷி!

நீங்களும் தார் சுற்றும்போது கதையைக் கைபேசியில் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை யாராவது எழுதித் தரட்டும். பிழைகளை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். ராஜா ராணி கதையெல்லாம் இப்போது வேண்டாம். தறிவீட்டில் நடந்ததையே மூன்று பக்கத்தில் எழுதி, அடுத்த மாதத்துக்குள் எங்களுக்கு அனுப்புங்கள்.