தாயின் பெயர் எழுதிய பலகை

நுவரெலியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தொலைபேசியில் பேசியிருக்கலாந்தான், ஆனால் நான் தொலைபேசியைக் கையில் எடுத்தால் குரல் தானே உயர்ந்துவிடுகிறதென்றும், அப்படி உயர்ந்தபின் சொன்ன எதுவும் கேட்பவர் மனத்தில் தங்குவதில்லையென்றும் உன் பெரியம்மா வெகு காலமாகச் சொல்லிவருகிறபடியால், பழைய வழக்கப்படி காகிதத்தையே நாடினேன். பச்சைக் குழந்தையொன்றை வீட்டில் வைத்து வளர்க்கவேண்டுமென்று உனக்கும் மாப்பிள்ளைக்கும் தோன்றியதை நான் பிழையென்று சொல்லவரவில்லை. எட்டு வருஷமாக நீங்கள் இருவரும் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிப் படிகளையும், கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் வைத்த நேர்த்திகளையும் அறியாதவனல்லன் நான். தீர்மானம் உங்களுடையது. நான் அபிப்பிராயம் மாத்திரம் சொல்வேன். கொள்வதும் தள்ளுவதும் உன் இஷ்டம்.

ஆனால் இரண்டாம் பக்கத்தில், ஏதோ ஞாபகம் வந்து சேர்த்ததுபோல் நீ எழுதியிருக்கும் நாலு வரி என்னை இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவர் உங்களை அணுகி, பத்தொன்பது வயதுத் தோட்டத்துப் பிள்ளையொருத்தி பெற்ற பெண் குழந்தை இருக்கிறது, பெற்றவளுடைய தாய் குவைத்தில், தகப்பன் குடியில், குழந்தைக்குக் காரணமானவன் ஊரிலேயே இல்லை, ஆகையால் கோர்ட்டு, கச்சேரி என்று அலையாமல் பிறப்புப் பதிவிலேயே உங்கள் இருவர் பெயரையும் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று சொன்னாராம். 'யாருக்கும் நஷ்டமில்லாத காரியந்தானே பெரியப்பா' என்று வேறு எழுதியிருக்கிறாய். அது எந்த ஆஸ்பத்திரியென்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நஷ்டமில்லாத காரியம் என்ற அந்த வார்த்தையைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

உன் அப்பாயி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளை பார்த்தவள் என்பதை நீ அறிவாய். எப்படிப் பார்த்தாளென்பதை அறியமாட்டாய், நீ பிறக்குமுன்பே அவள் ஓய்ந்துவிட்டாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிற பெண்கள் பனி விலகுமுன்பே இடுப்பில் குழந்தையும் தலையில் கூடையுமாக வந்து நிற்பார்கள். தொட்டிலுக்கு வேண்டிய சேலையை அவரவரே கொண்டுவரவேண்டுமென்பது அப்பாயி வைத்த சட்டம். தோட்டத்தில் கொடுத்த முரட்டுத் துணியில் போட்டால் வீறிட்டழும் குழந்தை, பெற்றவளின் பழஞ்சேலையில் போட்டால் அந்த வாசனைக்கே கண்ணயரும் என்பாள். உத்திரத்திலிருந்து பதினைந்து, இருபது சேலைகள் பல வர்ணங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். எழுத்தறியாத அவள், பாடசாலைக்குப் புறப்பட்டு நிற்கும் என்னைப் பிடித்து நிறுத்தி, சுவரில் சார்த்திய கரும்பலகையில் ஒவ்வொரு தொட்டிலுக்கும் நேரே குழந்தையின் பெயரையன்று, தாயின் பெயரையே எழுதச் சொல்வாள். "பிள்ளைக்குப் பேரு நாளைக்கு மாறும்டா, பெத்தவ மாறுவாளா?" என்பது அவளுடைய நியாயம். பின்னாளில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாடசாலை இடாப்பில் பெயர் எழுதிச் சம்பளம் வாங்கினேன். அந்தப் பலகையைப்போல் பிழையற்ற இடாப்பு ஒன்றை ஒருநாளும் நான் வைத்ததில்லை.

1974 ஆம் வருஷத்துப் பஞ்சத்தில், கூப்பன் மாவும் போதாமல் மரவள்ளியும் கீரையும் அவித்து வயிற்றை ஏமாற்றிய அந்த மாதங்களில், மேற்கணக்கு லயத்தில் ஒருத்தி பிரசவித்த மூன்றாம் மாதம் கண்ணை மூடினாள். அன்று மாலை குழந்தையைக் கூட்டிப்போக வந்த தகப்பன் வாசலில் நின்றானேயொழியக் கையை நீட்டவில்லை. அப்பாயி ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தொட்டில் சேலையோடு அவிழ்த்தெடுத்து எங்கள் காம்பராவுக்குக் கொண்டுவந்தாள். மூன்று வருஷம் அது எங்களோடு வளர்ந்தது. உன் அப்பாவின் முதுகைவிட்டு இறங்காது. 1964 இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கென்று தோட்டத்து மக்களான எங்களைத் தலை எண்ணிப் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் அந்த மனிதனுக்கு 1977 இல் பாஸ்போர்ட் வந்தது. குழந்தையை விட்டுப் போகச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமென்று உன் தாத்தா சொன்னார். அப்பாயி கேட்கவில்லை. தகரப் பெட்டியின் அடியில் மூன்று வருஷமாகக் காத்துவைத்திருந்த செத்தவளுடைய சேலையைத் துவைத்து மடித்து, ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குப் போகிறவர்களை அழுகுரலோடு ஏற்றிப்போகும் ஒப்பாரிக் கோச்சி புறப்படுமுன் அவன் கையில் கொடுத்து, "இது இவ அம்மாவுது" என்று மாத்திரம் சொன்னாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் வேலைக்குப் போனாள். வெகு வருஷங்களுக்குப் பிறகு கூடலூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அதில் அப்பாயியின் பெயரைப் பிழையாகத்தான் அச்சிட்டிருந்தார்கள், ஆனாலும் முருகன் படத்துக்குப் பின்னால் சாகும்வரை அதைச் செருகி வைத்திருந்தாள்.

இனி உன் அத்தையின் விஷயம். நம் குடும்பத்தில் என் முன்னிலையில் யாரும் பேசாத விஷயமாதலால் நானே பேசிவிடுகிறேன். 1984 இல் அவள் பெற்ற மகனை ஒரு பெண்மணி காரில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். கொழும்பில் நல்ல குடும்பம், படிக்கவைப்பார்கள், வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிவந்து காட்டுவார்கள் என்றாள். இங்கிலீஷில் இருந்த மூன்று தாள்களில் உன் அத்தை கைநாட்டு வைத்தாள். கீழே சாட்சியாகக் கையெழுத்திட்டவன் நான். அப்போது நான் உதவி ஆசிரியன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் என்ற கர்வம் உண்டு. ஆனால் காரில் வந்த பெண்மணியை வாசலில் காத்து நிற்கவைத்து ஒரு தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பது மரியாதைக் குறைவென்று எனக்குத் தோன்றிற்று! வருஷத்துக்கு ஒருமுறை என்பது ஒருமுறைகூட நடக்கவில்லை. உன் அத்தை வாசலில் கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தாள். இறந்த வருஷத்தில்கூடப் பார்த்தாள்.

2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியொன்று வெளியிட்ட செய்தியை நம் பத்திரிகைகளும் போட்டன, நீ வாசித்திருப்பாய். எண்பதுகளில் இந்த நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு மகவேற்புக்கென்று, அதாவது தத்துக்கென்று, போன குழந்தைகள் பதினோராயிரம் வரை இருக்குமென்றும், பத்திரங்கள் பொய்யாக எழுதப்பட்டனவென்றும், பெற்றவள் இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு பெண்ணைத் தாயென்று நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்களென்றும் அதில் வந்தது. 1987 இல் அரசாங்கம் கொஞ்சக்காலம் இதை நிறுத்திவைத்ததும், 1992 இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டாருக்குக் கடிவாளமிட்டதும் எனக்குத் தெரியும். எல்லாம் கார் போன பிறகு. நெதர்லாந்து அரசு நியமித்த விசாரணைக் குழு, இலங்கையும் சேர்ந்த ஐந்து நாடுகளின் பத்திரங்களைப் பரிசோதித்து 2021 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்தபின், அந்த நாடு வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் இப்போது நாற்பது வயதுக்காரர்களாக இங்கே வந்து, கையில் ஒரு பிறப்புப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, அதிலுள்ள பெயர் மெய்யா பொய்யா என்று தெரியாமல் தேடித் திரிகிறார்கள். ஹட்டனில் எந்த வெள்ளைக்காரக் கோஷ்டியோடும் நம் நிறத்தில் ஒருவன் இறங்கினால் நான் அவன் காதைப் பார்க்கிறேன். உன் அத்தைக்கும் உன் அப்பாவுக்கும் எனக்கும் இருக்கிற மடிந்த காது. இதைப் பைத்தியம் என்று உன் பெரியம்மா சொல்கிறாள்.

ஆகவே மகளே, பிறப்புப் பதிவில் பொய்ப் பெயர் எழுதுவது நஷ்டமில்லாத காரியமன்று. அது குற்றம் என்பது ஒருபுறமிருக்கட்டும். குற்றமல்லாவிட்டாலும் நான் சம்மதிக்கமாட்டேன். அந்தப் பத்தொன்பது வயதுக்காரி நாளைக்கு இருபத்தைந்து வயதில், கையில் ஒரு தொழிலோடு, மனத்தில் தைரியத்தோடு வந்து நின்றால், தன் பிள்ளையென்று சொல்ல அவளுக்கு உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம் இராது. அந்தக் குழந்தைக்கும் இராது. அதைச் செய்தவர்கள் நம் வீட்டாராக இருப்போம். அதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

உனக்கு வேறு வழிகள் உண்டு. எதையும் நீ சுதந்தரமாகத் தேர்ந்துகொள்ளலாம். இந்த எண்ணத்தையே விட்டுவிடலாம். யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள், ஆனால் நீ உன்னைச் சொல்லிக்கொள்வாயென்று நினைக்கிறேன். 1941 ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச்சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு நிரந்தரமாக ஒரு பிள்ளையைப் பெறலாம்; உனக்கு வயதுத் தடையில்லை, இருபத்தைந்தைத் தாண்டியிருக்கவேண்டும், பிள்ளையைவிட இருபத்தொரு வயது மூத்திருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் குழந்தையின் தாய் உயிரோடிருக்கிறாள், விட்டுக்கொடுக்கிறேனென்று அவள் வாயால் இன்னும் சொல்லவுமில்லை. சொன்னவர் அந்த ஆஸ்பத்திரி மனிதர்தான். மூன்றாவது வழி, நன்னடத்தைத் திணைக்களத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்வது. 1939 ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டத்தில், பாதுகாப்பு வேண்டிய பிள்ளையைத் தகுதியான ஓர் ஆளின் பொறுப்பில் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமானாலும் அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கிறது: தகுதியான ஆள். சொந்தக்காரன் என்று சொல்லவில்லை பார்.

உத்தியோகத்தர் வீடு பார்க்க வருவார், அயலில் விசாரிப்பார், மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பார், சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். கோபப்படாதே. உன் கோபம் என்னிடமிருந்து வந்தது, எனக்குத் தெரியும். அந்தக் கார் வருமுன் இப்படி ஒருவர் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்று நாலு கேள்வி கேட்டிருந்தால் நான் அவர் காலைக் கழுவியிருப்பேன்.

அதுவரை குழந்தையை இல்லத்தில் விட்டுவைக்கலாமே என்று நீ கேட்கலாம். இல்லங்களை நான் பழிக்கவில்லை. நுவரெலியாவிலேயே எஸ்ஓஎஸ் சிறுவர் கிராமத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் அம்மா என்று வைத்து வளர்க்கிறார்கள். ஆயினும் இந்த நாட்டு இல்லங்களிலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதைகளல்லர். தாயோ தகப்பனோ இருக்க, வறுமையாலும் பிரிவாலும் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். ருமேனியாவில் புக்காரெஸ்ட் நகரத்து இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்து, வருஷக்கணக்காக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இரண்டு வயதுக்குமுன் ஒரு மடியைக் கண்ட பிள்ளைகளே அதிகம் தேறினார்களென்று கண்டார்கள். அப்பாயிக்கு இதைச் சொன்னால் சிரித்திருப்பாள். இரண்டு மாதக் குழந்தைக்கு ஒரே கை வேண்டும். மாறி மாறி வேலைக்கு வருகிற பத்துக் கைகளல்ல.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இந்த மூன்றாவது வழியில் பிள்ளை உனக்கு நிரந்தரமன்று; திருப்பித் தருவது சுலபமென்று நீ நினைத்திருக்கிறாயோ என்று பயப்படுகிறேன். ஆறு மாதத்திலோ இரண்டு வருஷத்திலோ, அது உன்னை அம்மா என்று அழைக்கப் பழகிய பிறகு, ஒருநாள் நீதிமன்றம் திருப்பிக் கொடு என்று சொல்லும். எட்டு வருஷம் வெறுங்கையோடிருந்த உன்னால் அதைத் தாங்க முடியுமா? எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் கேட்காமல் விட்டால் நான் பெரியப்பா அல்லன். அருச்சுனன் தபசு கூத்துப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்தவர்கள் நாம். வளர்ப்புத் தாய் என்றதும் எல்லோரும் யசோதையைச் சொல்வார்கள், எனக்கு எப்போதும் கர்ணனை வளர்த்த ராதைதான் ஞாபகத்துக்கு வருகிறாள். அவள்மேல் ஒரு குற்றமுமில்லை. ஆற்றில் வந்ததை எடுத்தாள், பால் கொடுத்தாள். குற்றமெல்லாம் பெயரை எழுதாமல் பெட்டியை மூடிவிட்டவளுடையது. அந்த ஒரு மௌனத்துக்குக் குருக்ஷேத்திரத்தில் எத்தனை தலை உருண்டது!

ஆகையால் எதைத் தீர்மானித்தாலும், முதலில் அந்தப் பெண்ணைப் போய்ப் பார். ஆஸ்பத்திரி மனிதர் கூட வரவேண்டாம். நீ மட்டும் போ. ஒரு பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோ. அவள் என்ன நினைக்கிறாளென்று கேள். பிள்ளையை வளர்க்க அவளுக்கு ஓர் உதவி போதுமென்றால், அதைச் செய். அதுவும் தொண்டுதான், இன்னும் பெரிய தொண்டு. கொஞ்சக் காலம் யாராவது ஏந்தவேண்டுமென்றால், ஏந்து. அவளிடம் ஒரு பழைய சேலை வாங்கி வைத்துக்கொள்.

அட, எழுதிக்கொண்டே போய்விட்டேன். பெரியம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். நான் கடிந்து எழுதினதாக நினைக்காதே, என் செல்வமே. நம் குடும்பத்தில் அப்பாயிக்குப் பிறகு அவளுடைய கை யாருக்கு இருக்கிறதென்று என்னைக் கேட்டால் நான் உன்னைத்தான் காட்டுவேன். உன் மூன்றாவது வயதில் நோய்வாய்ப்பட்ட பூனைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இறக்காமலிருந்தவள் நீ. நீ எந்தப் பிள்ளையைத் தொட்டாலும் அது நன்றாயிருக்கும். குழந்தை வந்தால் நானும் பெரியம்மாவும் ஹட்டனுக்கே வந்து ஒரு மாதம் தங்குகிறோம். இரவில் நான் விழித்திருக்கிறேன், எனக்கு எப்படியும் தூக்கமில்லை. பால்மாச் செலவைப் பற்றி நீயும் மாப்பிள்ளையும் யோசிக்கவே வேண்டாம், என் பென்ஷனில் ஒரு பங்கு அதற்கென்று ஒதுக்கிவிட்டேன். குழந்தை வராவிட்டாலும் வருகிறோம். நீ எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதமே; அந்தப் பதிவு ஒன்றைத் தவிர.

உன் பிரியமுள்ள,
பெரியப்பா

பி.கு.: பெரியம்மா பின்னிய சிறு கம்பளியும் தோட்டத்துக் கரட் கொஞ்சமும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் இரண்டு மணி ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளையை ஸ்டாண்டுக்கு அனுப்பு. மழையென்றால் பஸ் தாமதிக்கும்.