வாய்ப்புற்றும் புரதச் சான்றும்

கொல்லிமலையில் ஊழியஞ் செய்த ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் மிஷனெரிமார்க்கு 1914ஆம் ஆண்டில் அம்மலையிலேயே மகனாய்ப் பிறந்தவர் பால் பிராண்டு. இவர் 1946இல் வேலூர் மிஷன் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரிடையே பணியாற்றி ஓர் உண்மையைத் தெளிவுறுத்தினார். அந்நோயாளர் விரல்கள் தாமே அழுகி வீழ்வன அல்ல. நோவுணர்ச்சி அற்றமையால், சுடுவதும் வெட்டுவதும் அறியாது காயமுற்றுத் தேய்கின்றன என்பதே அது. நோவு உடலுக்குக் காவல் என அவர் கண்டார்.

இக்காவல் வாளா உறங்கும் பிறிதொரு நோயும் உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை மென்று கன்னத்தில் அடக்குவார்க்கு அவ்விடத்தே வெண்படலமோ செம்படலமோ தோன்றும். நோவு பெரும்பாலும் இராது. ஆகலின் எவரும் பொருட்படுத்தார். நோவு எழுங்காலத்தில் புற்று வேரூன்றியிருத்தலும் உண்டு. நெய்யூர் மிஷன் மருத்துவர் பெண்டால் 1908இலும், ஆர் என்பார் 1933இலும் திருவிதாங்கூரில் இந்நோய் மிகுந்திருந்ததை எழுதினர். பின்னவர் வெற்றிலை மெல்லும் வழக்கத்தையே காரணமாக ஆராய்ந்தார். புகையிலை சேராத பாக்கும் புற்று விளைக்கும் என்பது 2004இல் வெளிவந்த பன்னாட்டுப் புற்றாய்வு நிறுவனத்தார் முடிவு.

படலமெல்லாம் புற்றாவதில்லை. ஆவது எது? இவ்வினாவிற்கே புரதங்களைச் சான்றாக அழைக்கின்றனர். படலத்தில் சிறு துணுக்கை அறுத்தெடுத்து, மெழுகிற் பதித்து, மயிரினும் மெல்லிதாய்ச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவர். குறித்த புரதம் ஒன்றையே பற்றும் எதிர்ப்பொருளை இட்டு நிறமூட்டினால், அப்புரதம் உள்ள இடம் கபில நிறம் பெறும். 1979இல் கண்டறியப்பட்ட பி-53 என்னும் புரதம் பழுதுற்ற உயிரணுவைப் பெருகவொட்டாது தடுப்பது. நல்ல அணுவில் அது விரைந்து சிதைந்துவிடுமாதலின் நிறம் அரிதாகவே தோன்றும். அதன் மரபுக்கூறு பிறழ்ந்துழியோ, பயனற்ற புரதம் சிதையாது குவியும். குவியலே பிறழ்ச்சிக்கு அறிகுறி. வேறு சில பிறழ்ச்சிகளில் அப்புரதம் அறவே இராது. அப்பொழுது நிறமின்மையைக் கண்டு நலமென மயங்கலாகாது. கீல் நகரத்தார் 1983இல் வெளியிட்டமையின் கி-67 எனப் பெயர்பெற்ற புரதம், பெருகும் அணுக்களில் மட்டுமே காணப்படும். நல்ல சவ்வில் அது கீழடுக்குகளில் அடங்கி நிற்கும். புற்றின் முன்னிலையில் மேலடுக்குகளுக்கும் ஏறும்.

எனினும் இவற்றுள் ஒன்றேனும் தனித்து நின்று, "இப்படலம் புற்றாகும்" என அறுதியிட வல்லதன்று. உருப்பெருக்கியால் அணுக்களின் வடிவத் திரிபைக் காணும் பழைய முறையே இன்றும் முதற்சான்று. அதற்கும் முன்னதாக, ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கொல்லிமலைச் சாலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகள்; ஆய்வுக்கூடத்தை அவ்வழியே ஊர்தோறும் ஏற்றல் அரிது, கைவிளக்கை ஏற்றலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி, ஒரு பகுதி ஊரார் வாய்களை மட்டும் இவ்வாறு நோக்கி, ஏனைய பகுதியாரோடு ஒப்பிட்டனர். புகையிலையோ மதுவோ கொள்வாரிடை, நோக்கப்பட்ட பகுதியில் வாய்ப்புற்றுச் சாவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்ததென 2005இல் வெளியிட்டனர். நோக்கியவர் மருத்துவரல்லர், பிற துறைகளிற் பட்டம் பெற்றுச் சிறிது பயிற்சியுற்றவர். தமிழ் பயிலும் யானும் அப்பணிக்கு ஆகாதவன் அல்லேன் என, இதனைப் படித்தபொழுது எண்ணிக்கொண்டேன்.