கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்குமா?

காலையில் பேப்பரைப் பிரிக்கிறீர்கள். 'தினம் ரெண்டு கப் காபி குடித்தால் இதயத்துக்கு நல்லது - ஆராய்ச்சியில் தகவல்' என்று கட்டம் கட்டி ஒரு செய்தி. "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" என்று வீட்டுக்காரர் இன்னொரு டம்ளர் கேட்கிறார். ரெண்டே மாசம்... அதே பேப்பரில் 'காபி குடிப்பவர்களே, உஷார்!' என்று வேறொரு செய்தி. மாமியார் சிரிக்கிறார். "இவங்க என்னிக்கு ஒரே பேச்சாப் பேசியிருக்காங்க?"

மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். ஆராய்ச்சி நடப்பது ஆஸ்பத்திரியில். செய்தி வருவது பேப்பரில். இந்த இரண்டுக்கும் நடுவே நாம் பார்க்காத ஓர் அறை இருக்கிறது. அங்கே ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நோயாளிகளைப் பற்றிய எண்களைப் போட்டுக் கணக்குப் பார்க்கிறார். மருந்து பலன் தந்ததா, இல்லையா என்பது அந்த அறையில்தான் முடிவாகிறது. வாருங்கள், கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்கலாம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பால் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும்!

முதலில் அங்கே இருக்கும் சாமான்கள். புள்ளியியல் கணக்குப் போடுவதற்கென்றே தனி 'ஸாஃப்ட்வேர்'கள் உண்டு. 1968-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த எஸ்.பி.எஸ்.எஸ்., மருத்துவக் கல்லூரிகளில் மிகவும் பிரபலம். எஸ்.ஏ.எஸ்., ஸ்டேட்டா என்று வேறு சிலவும் இருக்கின்றன. நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்று இரண்டு பேர் 1990-களில் ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பெயர் வெறும் 'ஆர்'. இருவர் பெயருக்கும் முதலெழுத்து அதுதானே! இது முழுக்க இலவசம். யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். கட்டம் போட்ட பெரிய நோட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. வயது, எடை, ரத்த அழுத்தம், என்ன மருந்து, பிழைத்தாரா இல்லையா என ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பத்தி. கம்ப்யூட்டருக்கு எண்களைக் கையாள்வதுதான் சுலபம் என்பதால் ஆண் என்றால் 1, பெண் என்றால் 2. மருந்து சாப்பிட்டவர் 1, சாப்பிடாதவர் 0 என்று குறியீடு வைத்துக் கொள்வார்கள். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது மனுஷன் வைத்ததுதான்.

வில்லங்கம் ஆரம்பிப்பதும் இங்கேதான்.

சின்னதாக ஓர் உதாரணம். பத்து பேருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிறோம். ஒன்பது பேருக்கும் 120. பத்தாவது ஆள் டெஸ்ட்டுக்கே வரவில்லை. கட்டத்தைக் காலியாக விடாமல், 'விவரம் இல்லை' என்பதற்கு அடையாளமாக 999 என்று போடுவது ஆராய்ச்சியாளர்களிடம் ரொம்ப நாளாக உள்ள பழக்கம். '999 வந்தால் கணக்கில் சேர்க்காதே' என்று ஸாஃப்ட்வேரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மறந்து விட்டால்? ஒன்பது 120-ஐயும் ஒரு 999-ஐயும் கூட்டிப் பத்தால் வகுத்து, "சராசரி 207.9" என்று கூசாமல் சொல்லிவிடும். வீட்டுக்கு வராத விருந்தாளிக்கும் சேர்த்து உலை வைத்த கதை! நம்ம வீட்டுச் சமையல்காரம்மாவாக இருந்தால், "என்னம்மா, ஒருத்தருக்கு மட்டும் ரெண்டு படி அரிசியா?" என்று கேட்டிருப்பார். கம்ப்யூட்டர் கேட்காது.

இது விளையாட்டு உதாரணம். நிஜத்திலேயே நடந்தது ஒன்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆராய்ச்சி அது. சி.ஓ.பி.டி. என்ற நுரையீரல் நோய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிகரெட்டாலும், வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகையைச் சுவாசிப்பதாலும் மூச்சுக் குழாய்கள் சுருங்கிப் போய், நாலு படி ஏறினாலே இளைப்பு வாங்கும் நோய். இந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன கொஞ்ச நாளிலேயே திரும்பவும் மூச்சுத் திணறி வருவது வழக்கம். 'பயிற்சி பெற்ற நர்ஸுகளை வைத்து நோயாளிக்கும் வீட்டாருக்கும் மூன்று மாதம் கற்றுக் கொடுத்தால்? இன்ஹேலரை எப்படி இழுப்பது, மூச்சுப் பயிற்சி எப்படிச் செய்வது, எப்போது உஷாராக வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தால், இப்படித் திரும்பி வருவது குறையாதா?' என்று நினைத்தார்கள்.

நல்ல யோசனைதானே? 240 நோயாளிகளைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போலப் பாதிப் பேருக்குப் பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு என்று பிரித்தார்கள். ஆறு மாதம் கவனித்தார்கள். முடிவு பிரமாதம்! வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் இந்த நோய்க்காக ஆளுக்குச் சராசரியாக 1.40 முறை ஆஸ்பத்திரிக்கோ அவசரப் பிரிவுக்கோ போனார்கள். பயிற்சி பெற்றவர்கள் 0.72 முறைதான். ஏறக்குறையப் பாதி. 2018 நவம்பரில் 'ஜாமா' என்ற பெயர்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வெளியானது.

2019 அக்டோபரில் அதே பத்திரிகையில், அந்த ஆராய்ச்சியாளர்களே ஒரு கடிதம் எழுதினார்கள்.

'எங்கள் கணக்கில் தவறு நேர்ந்து விட்டது. கட்டுரையை வாபஸ் வாங்குகிறோம்.'

என்ன தவறு? முதலில் இரண்டு கோஷ்டிகளுக்கும் 1, 2 என்று எண் கொடுத்திருந்தார்கள். கணக்குக்கு வசதியாக அதை 0, 1 என்று மாற்றும்போது, எது எதுவாக மாற வேண்டுமோ அது தலைகீழாகி விட்டது! பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களாகவும், பெறாதவர்கள் பெற்றவர்களாகவும் ஆனார்கள். அப்படியானால் நிஜம்? பயிற்சி பெற்றவர்கள்தான் 1.40 முறை போயிருக்கிறார்கள். சும்மா விட்டவர்கள் 0.72! நல்லது செய்வதாக நினைத்த திட்டத்தில் சேர்ந்தவர்கள்தான் அதிகமாக ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கூட்டல் கழித்தலில் ஒரு புள்ளிகூடத் தப்பு விடவில்லை. மருந்து பாட்டில்களில் லேபிளை மாற்றி ஒட்டியது போலத்தான் இதுவும். பாட்டிலுக்கு என்ன தெரியும்?

அந்த ஆராய்ச்சியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தவறு என்று தெரிந்ததும் மூடி மறைக்காமல் தாங்களே முன்வந்து சொல்லி, திருத்திய கட்டுரையையும் வெளியிட்டார்களே, அதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். இதனால்தான் நல்ல ஆராய்ச்சிக் கூடங்களில் ஒரே கணக்கை இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் போட்டு ஒப்பிடுகிறார்கள். 'மவுஸை' அங்கே இங்கே க்ளிக் பண்ணி வேலை செய்யாமல், கொடுத்த கட்டளைகளை எல்லாம் வரிவரியாக எழுதிச் சேமித்து வைக்கிறார்கள். கை எங்கே வழுக்கியது என்று பின்னால் தேடிக் கண்டுபிடிக்கலாம், இல்லையா?

சரி, குறியீடெல்லாம் சரியாகவே போட்டாயிற்று. அப்புறமும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் பெயர் 'தற்செயல்'.

ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டுங்கள். ஏழு தடவை தலை விழுகிறது. நாணயத்தில் கோளாறா? சொல்ல முடியாது. நல்ல நாணயத்திலேயே நூற்றுக்குப் பதினேழு தரம் இப்படி ஏழோ அதற்கு மேலோ விழும். ஆனால் நூறு தடவை சுண்டி எழுபது தலை விழுந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். நல்ல நாணயத்தில் அப்படி நடப்பது லட்சத்துக்கு நாலு தரம்தான். ஸாஃப்ட்வேர் கடைசியில் துப்புகிற 'பி வேல்யூ' என்பது இந்த மாதிரி ஓர் எண்தான். 'மருந்துக்கு ஒரு பலனும் இல்லை என்று வைத்துக் கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எத்தனை வாய்ப்பு?' நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால், 'தற்செயல் இல்லை போலிருக்கிறது' என்று எடுத்துக் கொள்வது வழக்கம். பலர் இதை 'மருந்து வேலை செய்ய 95 சதவீதம் வாய்ப்பு' என்று புரிந்து கொள்கிறார்கள். அது தப்பு. டாக்டர்களிலேயே சிலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்!

நூற்றுக்கு ஐந்து என்றால் இருபதுக்கு ஒன்று. பலனே இல்லாத மருந்தை இருபது விதமாகத் துருவித் துருவிப் பார்த்தால், ஏதாவது ஒன்றில் 'பலன்' தெரிந்தே தீரும் என்கிற மாதிரி. கம்ப்யூட்டர் வந்த பிறகு துருவுவது சுலபமாகி விட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, குண்டானவருக்குத் தனி, ஒல்லிக்குத் தனி என்று நொடியில் நாற்பது கணக்கு!

இதை ராசி பலன் மூலமாகவே ஒரு தரம் நிரூபித்தார்கள். ஆமாம், ராசி பலன்தான்!

'ஐஸிஸ்-2' என்ற ஆராய்ச்சி. 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியானது. 16 நாடுகள், 417 ஆஸ்பத்திரிகள், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், ஒரு மாதம். மீதிப் பேருக்கு அதே போன்ற டம்மி மாத்திரை. ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்தவர்கள்: ஆஸ்பிரின் சாப்பிட்ட 8,587 பேரில் 804. டம்மி சாப்பிட்ட 8,600 பேரில் 1,016. மலிவான ஒரு மாத்திரை இருநூறு உயிர்களுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. சந்தேகத்துக்கே இடமில்லை.

பத்திரிகை ஆசிரியர்கள் விடவில்லை. "எந்த வயசுக்காரருக்கு எவ்வளவு, எந்த வகை நோயாளிக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள்" என்றார்கள். ஆராய்ச்சியை நடத்தியவர்களில் ஒருவரான ரிச்சர்டு பீட்டோ கில்லாடி. அப்படிப் பிரிப்பது எவ்வளவு ஆபத்து என்று காட்ட, நோயாளிகளின் பிறந்த தேதியை எடுத்து ராசி வாரியாகவும் பிரித்தார். (நம்மூர்ச் சந்திர ராசி அல்ல. பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேல்நாட்டு ராசி.) கம்ப்யூட்டர் என்ன சொன்னது தெரியுமா? மற்ற ராசிக்காரர்களுக்கெல்லாம் ஆஸ்பிரின் நல்ல பலன். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் கெடுதல்! கட்டுரையிலேயே அதை அச்சிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுத் துலாம் ராசிக்காரர் மாத்திரையை நிறுத்தியிருந்தால்? சிரிப்பு வருகிறது அல்லவா... ஆனால் பெண்கள் விஷயத்தில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. 1978-ல் கனடாவில் 585 பேரை வைத்து, பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று பார்த்தார்கள். ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்ததில் ஆண்களுக்குப் பலன் தெரிந்தது, பெண்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சியில் பெண்கள் குறைவு. அவர்களுக்கு மட்டும் தனி முடிவு சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதாது. ஆனாலும் 1980-ல் அமெரிக்க அரசு பக்கவாதத் தடுப்புக்கு ஆஸ்பிரினை ஆண்களுக்கு மட்டும் என்று அனுமதித்தது. பெண்களுக்கும் உண்டு என்று திருத்தியது 1998-ல்தான். பதினெட்டு வருஷம்!

"அப்போ நானும் தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கறேன்" என்று கிளம்பி விடாதீர்கள், ப்ளீஸ். ஐஸிஸ் ஆராய்ச்சி மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கானது. இதய நோய் இல்லாத, பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரை வைத்து ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த 'ஆஸ்ப்ரீ' ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வந்தது. தினம் 100 மில்லிகிராம் சாப்பிட்டும் இதயத்துக்குக் குறிப்பிடும்படி நன்மை இல்லை. பெரிய அளவில் ரத்தக் கசிவு மட்டும் நூற்றுக்கு 2.8 பேரிலிருந்து 3.8 ஆகக் கூடியது. டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. எழுதிக் கொடுக்காதவர்கள் தாமாக ஆரம்பிக்கவும் கூடாது.

இன்னொரு சூட்சுமத்தையும் சொல்லி விடுகிறேன். ஐஸிஸ் கணக்கையே எடுத்துக் கொள்ளுங்கள். டம்மி சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 11.8 பேர் இறந்தார்கள், ஆஸ்பிரினில் 9.4. 'சாவு 20 சதவீதம் குறைந்தது' என்றும் இதைச் சொல்லலாம். 'நூற்றுக்கு இரண்டரைப் பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்' என்றும் சொல்லலாம். இரண்டும் நிஜம். விளம்பரத்தில் எது வரும் என்று உங்களுக்கே தெரியும்! அதனால் 'பாதியாகக் குறைக்கிறது' என்று எந்த டானிக்காரர் சொன்னாலும், "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். ஆயிரத்துக்கு இரண்டு ஒன்றாவதும் பாதிதான். நூற்றுக்கு நாற்பது இருபதாவதும் பாதிதான்.

நம் நாட்டில் 2009 ஜூன் முதல் மருந்துப் பரிசோதனைகளை ஆரம்பிக்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை பேர், எந்த மருந்து, எதை அளக்கப் போகிறோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அம்பை எய்துவிட்டு, அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடுகிற வேலை அப்புறம் நடக்காது. பதிவேடு இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் வீட்டில் யாரையாவது 'புது மருந்து ஆராய்ச்சியில் சேருகிறீர்களா?' என்று கேட்டால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளைவிட்டுத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு வைத்துக் கொள்ளலாம்.