முடி கொட்டும்போது யாரிடம் பேச?

கேள்வி: இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்து நான்கு மாதம். முடி கொட்டுகிறது. விருந்துக்குப் போனால், "இவ்வளவுதான் சாப்பிடுவியா?" என்கிறார்கள். இதே சிகிச்சை செய்தவர்களோடு பழகினால் நல்லதா?
– வாசகி, ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: கட்டாயம் பழகுங்கள், சகோதரி. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்த பிறகு ஒரு தோசையே நிறைந்த சாப்பாடு என்பதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி மாளாது. அதை அனுபவித்தவருக்கு விளக்கவே வேண்டாம். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவது பலருக்கும் நடப்பதுதான். புரதமும் இரும்புச் சத்தும் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்ப வளரும். மருத்துவரும் இதைச் சொல்வார். ஆனால் வளர்ந்த கூந்தலோடு ஒருத்தி எதிரில் உட்கார்ந்து சொன்னால்தான் மனம் நம்புகிறது!

மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். வெட்கப்பட எதுவுமில்லை. உங்கள் மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடமே, "என்னைப் போன்றவர்களைச் சந்திக்க வழியுண்டா?" என்று கேளுங்கள்.

யாருக்கு எத்தனை கிலோ குறைந்தது என்ற ஒப்பீடு மட்டும் வேண்டாம். தோழி நிறுத்தினாள் என்று வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாந்தி விடாமல் வந்தால் தோழியைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதனால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.