ஃப்ளூ வந்தா மாத்திரை இருக்கே… அப்புறம் ஊசி எதுக்கு?

மழைக்காலம் தொடங்கினாலே வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். கூடவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வியும் வரும்: "ஃப்ளூ வந்தா போட்டுக்க மாத்திரை இருக்கே, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் ஊசி?"

நியாயமான கேள்விதான். மாத்திரை இருப்பதும் உண்மை, அது வேலை செய்வதும் உண்மை. ஆனால் அந்த மாத்திரை வேலை செய்ய ஒரு நேரக் கெடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், ஊசிக்குப் பதிலாக மாத்திரை போதுமா என்பதற்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எந்த மாத்திரை, என்ன செய்கிறது?

ஃப்ளூ என்பது இன்ஃப்ளுயன்சா வைரஸால் வரும் காய்ச்சல். சாதாரண சளி மெதுவாக ஆரம்பிக்கும். ஃப்ளூ பெரும்பாலும் திடீரென அடித்துப்போடும்: காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல், எழுந்து நடக்க முடியாத அசதி.

இதற்கு அதிகம் கொடுக்கப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்து ஒசெல்டாமிவிர். 2009-ல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் எல்லோரும் கேள்விப்பட்டது இதைத்தான்.

'எச்1என்1' என்ற பெயரில் வரும் 'என்' என்ற எழுத்து, வைரஸின் மேல் இருக்கும் நியூராமினிடேஸ் என்ற புரதத்தைக் குறிக்கிறது. நம் செல்லுக்குள் புகுந்த வைரஸ், தன்னைப் போலவே நிறைய நகல்களை உருவாக்கும். அந்தப் புது வைரஸ்கள் வெளியே வரும்போது செல்லின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டை வெட்டி அவற்றை விடுவிக்கும் கத்தரிக்கோல்தான் நியூராமினிடேஸ். ஒசெல்டாமிவிர் அந்தக் கத்தரிக்கோலை வெட்ட விடாமல் பிடித்துக்கொள்கிறது. அடுத்த செல்லுக்குப் பரவுவது குறைகிறது.

கவனியுங்கள், ஏற்கெனவே பரவிவிட்ட வைரஸை இந்த மருந்து திரும்ப அழைக்காது. இனிமேல் பரவுவதைத்தான் தடுக்கும். அதனால்தான் நேரம் முக்கியம்.

48 மணி நேரக் கணக்கு

அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் மருந்தை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அப்போதும் சாதாரண ஆரோக்கியம் உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் நாட்கள் ஏறக்குறைய ஒரு நாள்தான் குறையும்.

இப்போது நம் வீட்டு நடைமுறையை யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி காய்ச்சல். சனிக்கிழமை கஷாயமும் பாராசிட்டமாலும். ஞாயிற்றுக்கிழமை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக். திங்கள்கிழமை காலை ஓ.பி. சீட்டு. டாக்டர் முன்னால் உட்காரும்போது 60 மணி நேரம் ஓடிப்போயிருக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. "வந்தா மாத்திரை போட்டுக்கலாம்" என்று நம்பியவர், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தைத் தாண்டிவிட்டார்.

இதற்காக, நாள் கடந்துவிட்டால் மருந்தே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நோய் தீவிரமாகி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களுக்கு 48 மணி நேரம் தாண்டினாலும் டாக்டர்கள் மருந்தைத் தொடங்குவார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை காத்திருப்பதும் இல்லை.

ஊசி செய்வது வேறு வேலை

தடுப்பூசி, வைரஸ் வருவதற்கு முன்பே உடம்புக்கு அதை அடையாளம் காட்டி வைக்கிறது. எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அதனால் ஊரெல்லாம் காய்ச்சல் ஆனபிறகு ஓடுவதைவிட, மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

ஊசி போட்டால் ஃப்ளூ வரவே வராதா? அப்படிச் சொல்ல முடியாது. பரவும் வைரஸோடு தடுப்பூசி நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. மீறி வந்தாலும் ஐ.சி.யூ. வரை போகும் வாய்ப்பு குறைவு.

வைரஸ் அடிக்கடி உருமாறுவதால், எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், பரிந்துரைக்கிறது. வருஷா வருஷம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரையை மட்டும் நம்பினால் இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். ஃப்ளூவுக்கு முன்பு கொடுத்த அமன்டடின் என்ற மருந்து, வைரஸ் அதை எதிர்க்கக் கற்றுக்கொண்டதால் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. 2008-09 சீசனில் பல நாடுகளில் பரவிய பழைய எச்1என்1 வகை ஒசெல்டாமிவிருக்கே மசியவில்லை. பிறகு வந்த 2009 வகை அந்தப் பழைய வகையை ஓரங்கட்டியதால் மருந்து மறுபடி கைகொடுத்தது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

ஊசி யாருக்கு ரொம்ப முக்கியம்?

- கர்ப்பிணிகள்
- 65 வயதைத் தாண்டியவர்கள்
- 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் (6 மாதம் முடிந்தபிறகு போடலாம்)
- சுகர், ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள்
- புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்
- மருத்துவப் பணியாளர்கள்

6 மாதம் ஆகாத குழந்தைக்கு ஊசி போட முடியாது. அம்மா கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் சேரும். முன்பு இந்தத் தடுப்பூசியால் கடுமையான அலர்ஜி வந்தவர்கள் போடக்கூடாது. அவர்களுக்குத்தான் மாத்திரை உண்மையான மாற்று வழி. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ என்றால், அவர்கள் உடனே டாக்டரிடம் சொல்லி, முன்கூட்டியே மருந்து தேவையா என்று கேட்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் நாட்களுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு.

காய்ச்சல் வந்துவிட்டால்?

மத்திய சுகாதார அமைச்சகம் எச்1என்1 காய்ச்சலுக்கு வகுத்துள்ள 3 பிரிவுகளை மனதில் வையுங்கள்.

ஏ பிரிவு: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி. ஒசெல்டாமிவிரோ டெஸ்டோ தேவையில்லை. வீட்டிலேயே ஓய்வு, மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி இருக்கவும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும்.

பி பிரிவு: கடும் காய்ச்சல், கடும் தொண்டை வலி, அல்லது லேசான அறிகுறியோடு மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்கள். ஒசெல்டாமிவிர் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். இவர்கள் முதல் நாளே போக வேண்டும்.

சி பிரிவு: மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாக மாறுவது, குழந்தை பால் குடிக்க மறுப்பது. யோசிக்கவே வேண்டாம், உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் 3 கேள்விகள்

ஒசெல்டாமிவிரை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைக்கலாமா?
கூடாது. இது 'எச்1' அட்டவணை மருந்து. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும். கடைக்காரர் தனி ரெஜிஸ்டரில் பதிவு செய்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். டாக்டர் கொடுத்தால், பெரியவர்களுக்கு வழக்கமாக 5 நாள் கோர்ஸ். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

அன்னாசிப்பூவில்தான் இந்த மருந்து செய்கிறார்களாமே, கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?
பாதி உண்மை. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்படும் ஷிகிமிக் அமிலம், ஒசெல்டாமிவிர் தயாரிக்க மூலப்பொருள். அது பல ரசாயன மாற்றங்களைத் தாண்டித்தான் மருந்தாகிறது. அன்னாசிப்பூ டீ தொண்டைக்கு இதமாக இருக்கலாம். ஃப்ளூ மருந்து ஆகாது.

ஊசி போட்டாலே ஃப்ளூ வந்துடும்னு சொல்றாங்களே?
கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஓரிரு நாள் கை வலி, லேசான காய்ச்சல் வரலாம். அது ஃப்ளூ அல்ல.

இன்றே செய்ய வேண்டியவை

வீட்டில் மேலே சொன்ன பட்டியலில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், அடுத்த முறை சுகர் மாத்திரை வாங்கவோ கர்ப்பகாலப் பரிசோதனைக்கோ போகும்போது ஃப்ளூ ஊசி பற்றிக் கேளுங்கள். செல்போனில் 104 (மருத்துவ ஆலோசனை), 108 (ஆம்புலன்ஸ்) இரண்டையும் சேமித்து வையுங்கள். நேரில் போக முடியாத நாளில் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம்.

காய்ச்சல் வந்தால் தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மருந்து தேவையா என்று முடிவெடுக்க அந்தத் தகவல் அவருக்குக் கட்டாயம் உதவும்.