தறி வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய மின்கணக்கு

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘மின்னோட்டவியல்’ என்று ஒரு பாடம் உண்டு. தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் பாடம். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டுக்கு இதைவிடப் பயன்படும் பாடம் வேறில்லை என்பது நமது எண்ணம். கூடத்தில் தறி, தறியில் பாவு, பக்கத்துச் சுவரில் பிளக். பொதுவாக ஒரு பாவில் மூன்று சேலை. அந்தப் பட்டும் பல வீடுகளில் நெசவாளருக்குச் சொந்தமானதல்ல. சங்கத்துக்கோ முதலாளிக்கோ கணக்குச் சொல்ல வேண்டிய பொருள். எனவே பிள்ளைகளுடன் பெற்றோரும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டே சூத்திரங்கள்தான்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

அழுத்தத்தை வோல்ட்டிலும், ஓட்டத்தை ஆம்பியரிலும், தடையை ஓமிலும், திறனை வாட்டிலும் சொல்கிறோம். முதல் சூத்திரத்தை 1827-இல் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மார்கழிக் குளிரில் சுப்ஹு நேரத்துக்கு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் கம்பியை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரை ஒரே ஒரு ஒயரைச் சுற்றி மாட்டிப் பார்க்கிறார் (இரண்டு ஒயரையும் சேர்த்து மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும்). ஓட்டம் 6.5 ஆம்பியர், அழுத்தம் 230 வோல்ட். தடை 230 ÷ 6.5, அதாவது ஏறத்தாழ 35.4 ஓம். திறன் 230 × 6.5 = 1495 வாட். கம்பியில் 1500 வாட் என்று அச்சிட்டிருப்பது சரிதான்.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. நம் வீடுகளில் சாதாரண பிளக் 6 ஆம்பியருக்கானது. 6.5 அதைத் தாண்டிவிட்டது. அதனால்தான் இத்தகைய கம்பிகளைப் பெரிய 16 ஆம்பியர் பின்னுடன் விற்கிறார்கள். நாமோ கன்வெர்ட்டர் பிளக் ஒன்றை வாங்கி, சின்ன பிளக்கிலேயே சொருகிவிடுகிறோம்.

மாலையில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால்? தடை அதேதான் என்று கொண்டால், ஓட்டம் 200 ÷ 35.4 = 5.65 ஆம்பியர், திறன் 1130 வாட். அழுத்தம் எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. திறனோ கால் பங்கு குறைந்துவிட்டது. பில் குறையும் என்று மகிழ வேண்டாம். வாளித் தண்ணீர் காய அதிக நேரம் எடுக்கும், யூனிட் ஏறத்தாழ அதேதான்.

இனி முக்கியமான இடம். பிளக்கின் உள்ளே பின் லூசாக இருக்கிறது; அந்த இணைப்பில் வெறும் அரை ஓம் தடை கூடிவிட்டது என்று வையுங்கள். மொத்தத் தடை 35.9 ஓம். ஓட்டம் 230 ÷ 35.9 = 6.4 ஆம்பியர். அந்த அரை ஓமில் மட்டும் விழும் அழுத்தம் 6.4 × 0.5 = 3.2 வோல்ட். அங்கே வெப்பமாகும் திறன் 3.2 × 6.4, அதாவது 20 வாட்டுக்குச் சற்று மேல். கேட்கச் சிறியதாகத் தோன்றும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! கிட்டத்தட்ட அத்தனை வெப்பம், நகக்கண் அளவு இடத்தில், பிளாஸ்டிக்கின் உள்ளே.

ஃபியூஸோ எம்.சி.பி.யோ இதை நிறுத்தாது. கணக்கைத் திரும்பப் பாருங்கள்: ஓட்டம் 6.5-லிருந்து 6.4-க்குக் குறைந்திருக்கிறது, கூடவில்லை. ஓட்டம் அளவு மீறினால்தான் அவை விழும். ஆகவே பிளக்கின் சூடு, பழுப்பு நிறம், கருகல் வாடை, விளக்கின் சிமிட்டல் ஆகியவற்றை வீட்டார்தான் கவனிக்க வேண்டும். பட்டு எளிதில் கொழுந்துவிட்டு எரியாது, கருகும். ஒரு சாண் கருகினாலும் பாவு போனதுதான். ஜக்கார்டு அட்டையும் பருத்திக் கயிறும் அப்படியல்ல, பற்றிக்கொள்ளும்.

குழித்தறிக்கு இன்னொரு கணக்கு. கால் இரண்டும் ஈர மண் குழியில், தலைக்கு மேல் டேப் சுற்றிய ஒயரில் விளக்கு. ஈரமான உடலின் தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். உயிர்காக்கும் கருவியான ஆர்.சி.சி.பி. 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டது. அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல்! கருவி இருக்கும் வீடுகளில் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இல்லாத வீடுகள், 2023 முதல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்பதால் மிச்சமாகும் பணத்தில் முதல் செலவாக இதை வைத்துக்கொள்ளலாம்.

தார் சுற்றும் மோட்டாருக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் இப்பெருக்கல் அப்படியே பொருந்தாது. மீட்டர் பதிவதைவிடக் கூடுதலாகக் காட்டும். காரணமான ‘திறன் காரணி’யை அடுத்த பாடத்தில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

மாணவர்களுக்குப் பயிற்சி: ஓர் இஸ்திரிப் பெட்டி 225 வோல்ட்டில் 3.2 ஆம்பியர் எடுக்கிறது. தடை, திறன் எவ்வளவு? 6 ஆம்பியர் பிளக் தாங்குமா? (விடை: 70.3 ஓம், 720 வாட், தாங்கும். பின் லூசாக இல்லாவிட்டால்.)