இடியாத கட்டடத்தின் இடிபாடு



கட்டடக்கலை பயிலப் புகுவோர் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடத் தொகுப்புகளைப் புரட்டும்போது, உடைந்த தூண்களும் செடி முளைத்த வளைகூரைகளும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அவை எல்லாமே நேரில் பார்த்து வரையப்பட்டவை என எண்ணிவிடுவது இயல்பு. அவற்றுள் பல எக்காலத்திலும் இருந்திராதவை. மெய்யான சின்னங்களையும் கற்பனையையும் ஒரே காட்சியில் கூட்டிவைக்கும் இவ்வகைப் படத்தை இத்தாலியர் கப்ரிச்சோ என்றனர். கிரேக்க, ரோமானியக் கட்டடங்களை அளந்தறிந்து அவற்றின் இலக்கணத்தைப் புதுக் கட்டடங்களில் கையாள முயன்ற புதுச்செவ்வியல் இயக்கம், அளவில் அத்தனை கண்டிப்பு காட்டியபோதும் இக்கற்பனைக்கு இடம் கொடுத்தது. அழகுக்காக மட்டும் கொடுத்ததன்று. முழுக் கட்டடம் மறைக்கும் சுவரின் பருமனையும் வளைவின் கட்டுமானத்தையும் இடிந்த கட்டடம் வெளிக்காட்டுவதால், கட்டடத்தை நெடுக்காக அறுத்துக் காட்டும் வெட்டுமுகப் படத்தின் வேலையை இடிபாடு தானே செய்துவிடுகிறது.

1740இல் ரோமுக்கு வந்த ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசி, வெனிஸ் நகரக் கட்டடக்கலைஞர் என்றே தம்மைக் குறித்துக்கொண்டவர். ஆயினும் கட்டட வேலையாக அவர் பெயரைச் சொல்வது, 1760களில் அவர் புதுப்பித்த அவென்டைன் குன்றுத் தேவாலயம் ஒன்றே. ஏனையவை செப்புத் தகட்டில் நிகழ்ந்தவை: தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறல்களை அமிலம் அரிக்கவிட்டு, அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் ஒற்றியெடுக்கும் முறை அது. பண்டைய ரோமின் காம்போ மார்த்ஸியோ பகுதியைப் பற்றி 1762இல் வெளியான அவருடைய நூலில், ஆறு தகடுகளை இணைத்து அச்சிட்ட பெரிய தரைப்படம் ஒன்று உண்டு. பண்டைய ரோமானியர் நகரின் தரைப்படத்தைப் பளிங்கில் செதுக்கி வைத்திருந்தனர்; அதன் துண்டுகள் 16ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. பிரானேசி தம் படத்தையும் அத்தகைய பளிங்குப் பலகைபோலவே வரைந்து, ஓரங்களை உடைந்தவையாக்கி, உலோகப் பிடிகளால் சேர்த்துக் கட்டியதுபோலக் காட்டினார். அதனுள் நெருங்கி நிற்கும் வட்டக்கூடங்களிலும் மண்டபங்களிலும் பெரும்பகுதி அவர் கற்பனை. சான்று துண்டாக இருந்தால் துணிவு முழுதாக வேண்டும் என்பது அவர் போக்கு. தொல்லியலாளர் இதை ஏற்கமாட்டார், கட்டடக்கலைஞருக்கோ இதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

இடியாமல் நிற்கும் கட்டடத்தையே இடிந்ததாகக் காட்டியவரும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரொபேர், 1796இல் லூவர் மாளிகையின் நெடுங்கூடம் கூரை சரிந்து கிடப்பதாகத் தீட்டி, அதே கூடத்தைச் சீரமைக்கும் திட்டப் படத்துடன் சேர்த்தே காட்சிக்கு வைத்தார். மாறாக, கொடியும் ஆடுமாடுகளுமாக ஏக்கத்தை மட்டும் எழுப்பும் படங்கள் அக்காலத்தில் ஏராளம். அவற்றைக் கடந்து செல்வதால் இழப்பில்லை.

நின்று பார்க்கவேண்டியது ஆங்கில வரைகலைஞர் ஜோசஃப் கேண்டி 1830இல் வரைந்த நீர்வண்ணப் படம். கட்டடக்கலைஞர் ஜான் சோன் 1788 முதல் பொறுப்பேற்றுக் கட்டிய இங்கிலாந்து வங்கியை, பறவைப் பார்வையில், கூரை நீங்கிய நிலையில் அது காட்டுகிறது. சுவர்களுக்கு இடையே கூடத்துக்குக் கூடம் செல்லும் வழியும், குவிமாடங்களைத் தாங்கும் வளைவுகளும் தெரிகின்றன. கட்டடம் இடிகிறதா, எழும்புகிறதா என்று சொல்ல முடிவதில்லை. அந்த ஐயமே அதன் சிறப்பு. படம் இன்றும் லண்டனில் சோன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வங்கியில் சோன் அமைத்த கூடங்களோ, 1920களிலும் 1930களிலும் நடந்த மறுகட்டுமானத்தில் பெரும்பாலும் இடிக்கப்பட்டன.